நடுப்பக்கத்தில் அம்மாவின் கை

டிசைன் படிப்பின் கடைசி வருஷ புராஜெக்டுக்கு அவரவர் ஊரைப் பற்றி ஒரு பத்திரிகை செய்துகொண்டு வரவேண்டும் என்று சொன்னபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. "உனக்கென்னடி, கோட்டை இருக்கு. அட்டையில ஆரம்பிச்சு கடைசிப் பக்கம் வரைக்கும் வரைஞ்சு தள்ளிடுவே" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். செஞ்சிக்காரர்களுக்கு வெளியூரில் கிடைக்கும் மரியாதை எல்லாம் அந்தக் கற்களுக்குக் கிடைக்கும் மரியாதைதான். அதில் எனக்கு எப்போதுமே ஒரு சின்ன எரிச்சல் உண்டு.

புராஜெக்டின் விதிகள் எளிமையானவை. கட்டுரை, படம், பக்க வடிவமைப்பு எல்லாம் நாமே செய்யவேண்டும். புகைப்படம் கூடாது, எல்லாப் படமும் டேப்லெட்டில் வரைந்ததாக இருக்கவேண்டும். நடுப்பக்கத்தில், அதாவது ஸ்டேப்ளர் பின் அடிக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக விரியுமே, அங்கே ஒரே பெரிய படம் வரவேண்டும். பாதி மதிப்பெண் அந்தப் படத்துக்குத்தான்.

கோட்டைக்கு நான்கு பக்கம் ஒதுக்கினேன். பனமலை ஏரிக்கரையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து வரைந்ததற்கு இரண்டு பக்கம். நடுப்பக்கத்தை அம்மாவின் டிபன் வண்டிக்குக் கொடுத்தேன்.

அம்மாவின் வண்டி திருவண்ணாமலை ரோட்டில், பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நிற்கும். சாயங்காலம் இட்லி, தோசை, மசால் வடை. அமாவாசை அன்று மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் விடுவார்கள். அன்றைக்கு அம்மாவுக்கு மூச்சு விட நேரமிருக்காது. சின்ன வயதிலிருந்தே நான் அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். தோசைக்கல் பக்கம்தான் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்பதால், எப்போதும் அம்மாவின் இடது பக்கம் உட்காருவேன்.

தோசைக்கல்லை மறைத்தாற்போல ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திரையாகக் கட்டியிருப்பாள். யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து விழா பேனர் அது. கூலிங் கிளாஸ் போட்ட குழந்தையின் பாதி முகம் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். "எதுக்கும்மா இது?" என்று கேட்டால், "காத்து அடிக்குது இல்ல, அடுப்பு அணைஞ்சிடும்" என்பாள். எனக்கு எதையும் அப்படியே விட்டுவிடத் தெரியாது. காற்று வருவது மலைப் பக்கமிருந்து. திரை கட்டியிருப்பது பஸ் ஸ்டாண்டு பக்கம். அடுப்பு என்னவோ தினமும் அணைந்துகொண்டுதான் இருந்தது.

உண்மையான காரணத்தை நானே பார்த்திருக்கிறேன். அம்மா இடது கைக்காரி. மாவு ஊற்றுவது, திருப்பிப் போடுவது, வெங்காயம் நறுக்குவது எல்லாம் இடது கையில்தான். தட்டை நீட்டும்போது மட்டும் ஞாபகமாக வலது கைக்கு மாற்றிக்கொள்வாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு அமாவாசைக் கூட்டத்தில் மறந்துபோய் இடது கையால் நீட்டிவிட்டாள். கையில் எலுமிச்சை மாலையோடு நின்ற ஒரு பெண்மணி தட்டை வாங்கவே இல்லை. "சாமிக்குப் போறவளுக்குப் பீச்சாங்கையில குடுக்கிறியே, உனக்கு யாரும் சொல்லித் தரலையா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். அதற்கு அடுத்த வாரம்தான் அந்தக் குழந்தையின் பாதி முகம் வண்டிக்கு வந்தது.

ஆகவே நடுப்பக்கத்தில் உன்னை வரையப் போகிறேன் என்று நான் சொன்னதும் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வரைஞ்சுக்கோ. ஆனா பீச்சாங்கை தெரியக் கூடாது. சோத்துக்கையால ஊத்துற மாதிரி போடு. அச்சுல வர்றது, நாலு பேரு பாப்பாங்க."

சரி என்றேன். ஆனால் கண்ணால் பார்ப்பதைத்தான் எனக்கு வரைய வரும். அதே ஸ்டூலில், மடியில் டேப்லெட்டோடு உட்கார்ந்து, இடது கையால் ஊற்றும் அம்மாவைத்தான் வரைந்தேன். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல கோட்டுக்கு ஒரு லேயர், நிறத்துக்கு ஒரு லேயர், பல்பு வெளிச்சத்துக்குத் தனியாக ஒரு லேயர். நிறம் எடுக்க உட்கார்ந்தபோதுதான் மாவு வெள்ளையே இல்லை என்பது தெரிந்தது. எல்ஈடி பல்புக்குக் கீழே அதன் நிழல் பக்கம் கிட்டத்தட்ட ஊதா. கல்லிலிருந்து எழும் ஆவிக்கு நிறமே கிடையாது, அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் அது மங்கலாக்குகிறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, என் மாவு கெட்டுப்போச்சா? ஊதாவா இருக்குது" என்றாள். தள்ளி நின்று பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். "அட, இப்ப வெள்ளையாத்தான் இருக்குது" என்றவள், நிஜ மாவுப் பாத்திரத்தையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

டிஜிட்டலில் வரைகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடிக்கடி படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பார்ப்போம். மணிக்கணக்கில் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் எல்லாம் திருப்பியதும் பல்லை இளிக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். முதல் வருஷத்திலிருந்தே இது எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

எங்களை வழிநடத்திய பேராசிரியையிடம் மாதிரிப் பக்கத்தை மடித்துக்கொண்டு போனேன். நாங்கள் அவரை மேடம் என்றுதான் சொல்வோம். அம்மா இடப் பக்கத்தில் இருந்தாள். வலப் பக்கத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பென்சில் கோடாக மட்டும் போட்டிருந்தேன். மேடம் பார்த்ததும், "முகம் பக்கத்துக்கு வெளியே பாக்குதும்மா. படிக்கிறவங்க கண்ணும் அவங்களோடவே வெளியே போயிடும். உள்ளே பாக்கிற மாதிரி திருப்பிடு" என்றார்.

உண்மைதான். இடது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்ததால் படத்தில் அம்மாவின் முகம் இடப்புறம் பார்த்திருந்தது. வாடிக்கையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோசை ஊற்றினாள். பொத்தானை அழுத்தினேன். அம்மா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கரண்டியும் வலது கைக்குப் போய்விட்டது. ஒரே அழுத்தலில் மேடத்துக்கும் திருப்தி, அம்மாவின் நிபந்தனையும் நிறைவேறியது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன் பிறகு சில வாரங்கள் கூட்டத்தை வரைவதிலேயே போயின. மேல்மலையனூர் போர்டு போட்ட பஸ், அதன் படியில் தொங்குகிறவர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரும் ஒருவர், எலுமிச்சை மாலையோடு ஒரு பெண்மணி, நின்றபடியே பிய்த்துச் சாப்பிடும் ஐந்தாறு பேர். தட்டு வாங்க நீளும் அந்தப் பெண்மணியின் கை முதல் மாதிரியில் நடு மடிப்புக்குள் விழுந்து விரலே இல்லாமல் போயிருந்தது. அதை இந்தப் பக்கம் நகர்த்தினேன். பின் அடிக்கும்போது யாருடைய கண்ணிலும் குத்தாதபடி ஆட்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தினேன். ஊர்த் தேர் வரும்போது போலீஸ்காரர் கூட்டத்தை ஒதுக்குவாரே, அந்த வேலைதான்.

பெரிய தாளில் ஒரு பிரதி எடுத்து, ஒரு மத்தியானம் வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்கு முன்னால் விரித்தேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். முதலில் முகம் மலர்ந்தது. "மூக்குகூட என் மூக்குதான்" என்றாள். வலது கையில் இருந்த கரண்டியைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு இன்னும் குனிந்தாள்.

"இது யாரு ஊத்துன தோசை?"

"நீ ஊத்துனதுதாம்மா."

"நான் ஊத்துனது இல்ல இது. மாத்திச் சுத்தியிருக்குது பாரு."

தோசை ஊற்றும்போது கரண்டி நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றிக்கொண்டே போகும், அதன் தடம் தோசையில் அப்படியே இருக்கும். அம்மாவின் கரண்டி இடப்புறமாகச் சுற்றும். இத்தனை வருஷம் தின்ற எனக்கு அது தெரியாது. ஆனால் வரைந்த கை அதைச் சரியாகவே வரைந்திருக்கிறது, பொத்தான்தான் மாற்றிவிட்டது. எல்லாரும் எந்தப் பக்கம் சுற்றுகிறார்கள் என்று அன்றைக்கே தெரிந்தாகவேண்டும் போலிருந்தது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் வண்டி, ஓட்டல் ஒன்று விடாமல் எட்டிப் பார்த்தேன். வலது கைக்காரர்கள் எல்லாரும் வலப்புறமாகவே சுற்றினார்கள். பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டு திரும்பும்போது, ஒரு பரோட்டாக் கடை மாஸ்டர் வலது கையாலேயே இடப்புறமாகச் சுற்றி என் ஆராய்ச்சியைக் கெடுத்தார். ஏன் அப்படி என்று அவரிடமே கேட்டேன். "எப்படி?" என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார்.

நான் வண்டிக்கு வந்தபோது அம்மாவும் ஒரு ஆராய்ச்சியில் இருந்தாள். கூட்டம் வருவதற்கு முன்னால், திரைக்குப் பின்னால், கரண்டியை வலது கையில் பிடித்து ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு ஒரு பக்கம் குவிந்து, இன்னொரு பக்கம் ஓட்டை விழுந்து, திருப்பும்போது இரண்டாகக் கிழிந்தது. "வருமான்னு பாத்தேன்" என்றாள். அந்தத் தோசையை நான்தான் தின்றேன்.

"சரி, தோசையை மட்டும் திருப்பிடறேன். அது தனி லேயர்தான்" என்று லேப்டாப்பைத் திறந்து மாற்றிக் காட்டினேன். வலது கையில் கரண்டி, இடப்புறமாகச் சுற்றிய தோசை. மாஸ்டர் ஒருவரே அப்படிச் சுற்றும்போது யார் கேட்கப்போகிறார்கள்? அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தோசை என்னுதுதான். கை எவளுதோ."

எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. கேட்டது நீதானே, செய்தால் இப்படிச் சொல்கிறாயே என்று வாய்வரை வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினேன். அம்மாவை மட்டும் திருப்ப நினைத்து, அவசரத்தில் மொத்தப் படத்தையும் திருப்பிவிட்டேன்.

அம்மா இடது கைக்கு மாறினாள். கூடவே ஊரே மாறியது. நின்று சாப்பிடுகிற ஐந்தாறு பேரும் இடது கையால் பிய்த்து இடது கையால் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சை மாலைப் பெண்மணி இடது கையை நீட்டித் தட்டு வாங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் இடது கையால் விசில் ஊதினார். பஸ்ஸின் படி வலப்புறம் போய்விட்டது, மேல்மலையனூர் என்ற எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "எல்லாரும் பீச்சாங்கைக்காரங்க ஆயிட்டாங்கடி! சாமிக்குப் போறவளப் பாரேன், அவளும்!" கல்லில் இருந்த தோசை கருகியது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பொண்ணு பாக்க வந்தப்ப காப்பித் தட்டை ரெண்டு கையாலயும் தூக்கினு போகச் சொன்னாங்க. ரெண்டு கையாலயும் தூக்குனா எது எந்தக் கைன்னு எவனுக்குத் தெரியும்? கல்யாணமாகி நான் கோலம் போடும்போதுதான் உங்க நைனா பாத்தாரு."

"நைனா இன்னா சொன்னாரு?"

"கோலம் நல்லா இருக்குதுன்னாரு."

அடுப்பைக் குறைத்து, கருகியதைச் சுரண்டி எடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அவுங்கள அவுங்க கையோடயே உடு. என்னை மட்டும் இருக்கிற மாதிரி போட்டுடு."

சொல்வது சுலபம். அம்மாவை நிஜக் கையோடு போட்டால் முகம் இடப்புறம் பார்க்கும். அப்படியானால் அவள் வலப் பக்கத்துக்குப் போகவேண்டும், கூட்டம் இடப் பக்கத்துக்கு வரவேண்டும். கூட்டத்தைப் பொத்தானால் திருப்ப முடியாது. மனுஷ உடம்பில் எத்தனை விஷயத்துக்கு இடம் வலம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திருப்பினால் மாராப்பு வலது தோளுக்குப் போய்விடும். சட்டைப் பை இடம் மாறும். வேட்டி மாற்றிக் கட்டியதாகிவிடும். அவசரத்துக்குத் திருப்பிக்கொள்ள முடிந்தது தன் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை மட்டும்தான். மற்ற எல்லாரையும், பஸ்ஸோடு சேர்த்து, முதலிலிருந்து வரைந்தேன். சமர்ப்பிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பில் மற்றவர்கள் அச்சுக்குக் கொடுத்துவிட்டு சினிமா பார்க்கப் போனார்கள். நான் கண்டக்டரின் விரல்களை வரைந்துகொண்டிருந்தேன்.

புதிய மாதிரியைப் பார்த்த மேடம் முதலில் உதட்டைப் பிதுக்கினார். பிறகு நடுப்பக்கத்தை இரண்டு மூன்று தடவை மூடித் திறந்தார். "இப்ப படிக்கிறவங்களும் பஸ்ஸிலிருந்து இறங்கி அவங்ககிட்ட வர்ற மாதிரி இருக்கு" என்றார். நான் யோசிக்காத ஒன்று தானாகவே நடந்திருந்தது. நான்தான் யோசித்தேன் என்பதுபோல் தலையாட்டி வைத்தேன்.

கடைசி மதிப்பீட்டு நாளில் எல்லாருடைய பத்திரிகையையும் மேசைகளில் விரித்து வைத்தார்கள். பெற்றோர் வரலாம் என்றதும் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். வெளியிலிருந்து மதிப்பெண் போட வந்தவர் என் நடுப்பக்கத்தில் வெகுநேரம் நின்றார். மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னார்: "நல்ல வேலை. ஆனா ஒரு தப்பு இருக்கு. கூட்டம், பஸ், எழுத்து எல்லாம் சரியா இருக்கு. இந்தம்மாவை மட்டும் திருப்பினதைக் கவனிக்காம விட்டுட்டீங்க. கை மாறியிருக்கு பாருங்க."

பாதி மதிப்பெண் அந்தப் பக்கத்தில் இருந்தது. இவர் எதிரில் அம்மாவின் கையைப் பற்றிச் சொல்லலாமா, அவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"கவனிச்சுதான் சார் போட்டிருக்குது. அது நான்தான். என் கை அதுதான்."

இடது கையைத் தூக்கிக் காட்டினாள். எண்ணெய் தெறித்த தழும்புகளோடு அது படத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. அவர் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"அப்போ தோசையும் இந்தப் பக்கம்தான் சுத்துமாம்மா?"

"செஞ்சிக்கு வந்து சாப்ட்டுப் பாருங்க சார்" என்றாள் அம்மா.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. அதைவிட எனக்கு ஞாபகம் இருப்பது அதற்கடுத்த அமாவாசை. விழுப்புரம் பஸ்ஸிலிருந்து இறங்கி வண்டியை நோக்கி நடக்கும்போது ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. கூலிங் கிளாஸ் குழந்தையைக் காணோம். கிட்டே போனபோது பார்த்தேன். திரை மலைப் பக்கம் போயிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் முழுக்கத் திறந்து கிடக்க, வெளிச்சத்தில் அம்மாவின் இடது கை மாவை அள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தது. தட்டை மட்டும் வழக்கம்போல வலது கையால் நீட்டினாள். வரிசையில் நின்ற ஒருவர் அவள் மாவு ஊற்றும் கையைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். அம்மா அவரைப் பார்த்தாள், அடுத்த தோசையை ஊற்றினாள்.

"ஏம்மா, திரையை மாத்திட்டே?" என்று கேட்டேன்.

"காத்து மலைப் பக்கத்துலேர்ந்துதானடி வருது" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

அன்றைக்கு அடுப்பு அணையவே இல்லை.